கோடு போடாத காலத்துப் பாட்டு: ஐரோப்பிய இடைக்கால, மறுமலர்ச்சிக் கால இசை ஆய்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஐரோப்பிய இசையைப் பற்றிப் படிக்கிறேன் என்று சொன்னால் 'அது எதற்கு?' என்பதுதான் முதல் கேள்வியாக வரும். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அதற்கு அடுத்து வரும் கேள்விகளுக்கு ஓரளவு இருக்கிறது. நான் பல்கலைக்கழக ஆய்வாளன் அல்ல. ஆய்வாளர்கள் எழுதுவதை விடாமல் படிப்பவன். அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் காலத்தைச் சொல்கிறீர்கள்?

தோராயமாக 9ஆம் நூற்றாண்டில் இருந்து 1600 வரை. 1400களின் தொடக்கத்தில் இடைக்காலம் முடிந்து மறுமலர்ச்சி தொடங்குவதாகப் பாடநூல்கள் சொல்லும். அன்றைக்குப் பாடிக்கொண்டிருந்தவர்களுக்கு அப்படி எதுவும் தெரியாது. நமக்கு வசதியாக இருக்கிறது, வைத்துக்கொள்கிறோம்.

ஒலிப்பதிவே இல்லாத காலம். எப்படிப் பாடினார்கள் என்று எப்படித் தெரியும்?

முழுதாகத் தெரியாது. இந்தத் துறையின் வேலையே அந்த 'எவ்வளவு தெரியும்' என்பதை அளப்பதுதான்.

7ஆம் நூற்றாண்டில் செவில் நகர ஆயராக இருந்த இசிதோர், ஒலிகளை நினைவில் வைத்துக்கொள்ளாவிட்டால் அவை அழிந்துவிடும், ஏனென்றால் அவற்றை எழுத முடியாது என்று எழுதினார். அவர் காலத்துக்கு அது சரி. இருநூறு ஆண்டு கழித்து, 9ஆம் நூற்றாண்டில், லத்தீன் வரிகளுக்கு மேலே சின்னச் சின்னக் கீற்றுகளும் புள்ளிகளும் கொக்கிகளும் தென்பட ஆரம்பிக்கின்றன. இவற்றுக்கு நியூம் என்று பெயர். குரல் மேலே போகிறதா, கீழே வருகிறதா, மேலே போய் இறங்குகிறதா என்று அவை சொல்லும். எவ்வளவு மேலே என்று சொல்லாது. பாட்டு வகுப்பில் மாணவர் தன் நோட்டில் வரிகளுக்கு மேல் கிறுக்கிவைத்த அடையாளங்களை நினைத்துக்கொள்ளுங்கள். பாட்டை ஏற்கெனவே பாடமாக வைத்திருப்பவருக்கு அது போதும். வெளியாள் எடுத்தால் ஒன்றும் விளங்காது.

ஆனால் சுரத்தின் உயரத்தைச் சொல்லாத அதே குறிகள் வேறு சில விஷயங்களை நுணுக்கமாகச் சொல்கின்றன. சுவிட்சர்லாந்தில் சங்க்ட் காலன் மடத்து நூலகத்தில் 359 என்ற எண்ணுள்ள சுவடி இருக்கிறது. 920களில் எழுதியது; நெட்டையாக, ஒடுங்கலாக இருக்கும்; தனியாகப் பாடுபவர் கையில் பிடிப்பதற்கானது. அதில் கீற்றுகளுக்குப் பக்கத்தில் குட்டி எழுத்துகள். 'சி' (c) என்றால் விரைவாக, 'டி' (t) என்றால் இழுத்துப் பிடி, 'எக்ஸ்' (x) என்றால் காத்திரு. இந்த எழுத்துகளுக்கு விளக்கம் சொல்லி அதே மடத்துத் துறவி நோட்கர் ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அவர் இறந்தது 912இல். ஆக, இந்த வழக்கம் அந்தச் சுவடியைவிடப் பழையது. இப்படி, பாடும் விதம் வந்துசேர்ந்துவிட்டது, மெட்டுதான் வந்துசேரவில்லை. இந்த விநோதம்தான் என்னை இதற்குள் இழுத்தது.

அப்படியானால் மெட்டை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

பின்னால் வந்த சுவடிகளில் கோடு போட்டு எழுதியிருக்கிறார்கள். அதே லத்தீன் வரி, அதே வளைவு நெளிவு, ஆனால் சுரம் தெளிவாக. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். ஒத்துப்போனால், பழைய கீற்றுக்குப் புதிய சுவடியில் இருந்து சுரம் கிடைக்கிறது.

ஒரு அதிர்ஷ்டமும் அடித்தது. 1847இல் பெலிக்ஸ் தான்ழு என்ற பிரெஞ்சுக்காரர் மான்பெலியே நகரில் 11ஆம் நூற்றாண்டுச் சுவடி ஒன்றைக் கண்டெடுத்தார். அதில் பாட்டுவரிக்கு மேலே நியூம்களும் இருந்தன, ஒவ்வொரு சுரத்துக்கும் ஓர் எழுத்தும் இருந்தது. இருமொழிக் கல்வெட்டு கிடைத்த மாதிரி.

கோடு போட்டு எழுதும் முறை யாருடையது?

கோடுகளை அவரே முதன்முதலில் போட்டார் என்று சொல்ல முடியாது; முறையாக்கிப் பரப்பியவர் கீதோ. இத்தாலியின் அரெட்சோவில் பாடகர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். காலம் 1025, 1030ஐ ஒட்டி. கோடுகளிலும் அவற்றுக்கு இடையிலும் சுரங்களை வைத்து, ஒரு கோட்டுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு மஞ்சள் நிறம் கொடுத்தார். இந்த நிறங்கள் இருக்கும் இடத்துக்குக் கீழேதான் அரைச்சுரம் வரும், கண்ணாலேயே பிடித்துவிடலாம்.

அவர் சொந்தக் கதை இன்னும் சுவையானது. முதலில் இருந்த பொம்போசா மடத்தில் சக துறவிகளின் பொறாமை தாங்காமல் வெளியேறினார். இந்த முறையைக் கேள்விப்பட்ட போப் 19ஆம் யோவான் அவரை ரோமுக்கு அழைத்தார். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, கேட்டே இராத ஒரு வரியைத் தானே பாடிப் பார்த்த பிறகுதான் போப் எழுந்தாராம். ரோமின் கோடை ஒத்துக்கொள்ளாமல் கீதோ கிளம்பிவிட்டார். பத்தாண்டு படித்தும் அரைகுறையாகவே பாடிக்கொண்டிருந்தவர்களின் இடத்தில், ஓராண்டில், மிஞ்சினால் இரண்டாண்டில், தேர்ந்த பாடகரை உருவாக்க முடியும் என்பது அவர் கொடுத்த வாக்கு. கொஞ்சம் விளம்பரம்தான். ஆனால் 'கேட்காத பாட்டையும் பாடலாம்' என்பது அன்று உண்மையிலேயே புதுச் செய்தி.

'டோ ரே மி'யும் நம் 'ச ரி க ம'வும் ஒன்றா?

இல்லை. 'உட், ரே, மி, பா, சோல், லா' என்பவை திருமுழுக்கு யோவானைப் பற்றிய ஒரு லத்தீன் பாட்டின் அடித் தொடக்கங்கள். அந்தப் பாட்டில் ஒவ்வொரு அடியும் முந்தையதைவிட ஒரு சுரம் மேலே தொடங்கும். அதைப் பாடம் பண்ணிவிட்டால் ஏணி கையில் இருக்கும். எண்ணிப் பாருங்கள், ஆறுதான் இருக்கிறது, ஏழு அல்ல. ஏழாவது பின்னால் ஒட்டியது. 'உட்' என்பது 'டோ' ஆனதும் பின்னால்தான்.

துறவிகளே ஆய்வாளர்களாக இருந்தார்களாமே?

ஆமாம், இந்தத் துறையின் பெரிய பகுதியை அவர்கள்தான் கட்டினார்கள். பிரான்சில் சொலேம் என்ற சிற்றூர். பிரெஞ்சுப் புரட்சியில் மூடிப்போன மடத்தை 1833இல் ப்ரோஸ்பெர் கெராஞ்சே மறுபடி திறந்தார். பழைய வழிபாட்டை அப்படியே மீட்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். வழிபாடு என்றால் பாட்டு. பாட்டு என்றால் சுவடி. துறவிகள் நூலகம் நூலகமாகப் போய்க் கையால் பிரதி எடுத்தார்கள்.

அப்போது திருச்சபையின் அங்கீகாரம் பெற்றிருந்தது வேறொரு பதிப்பு. ஜெர்மனியின் ரேகன்ஸ்புர்க்கில் புஸ்டெட் அச்சகம் வெளியிட்டது. முப்பது ஆண்டு ஏகபோக உரிமையும் ரோம் கொடுத்திருந்தது. அதற்கு மூலநூல் 1614-15இல் அச்சான, நீளமான சுர அலங்காரங்களை வெட்டிக் குறைத்த பதிப்பு. அது தவறு என்று நிரூபிக்க சொலேம் துறவி அந்திரே மொக்ரோ எடுத்த ஆயுதம் காமெரா. 1889இல் சுவடிகளைப் புகைப்படமாகவே அச்சிட்டு வெளியிட ஆரம்பித்தார். ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, 'நீதிமான் பனைபோல் செழிப்பான்' என்ற சங்கீத வரிக்கான பாட்டு அது, வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு நூற்றாண்டுகளில் எழுதிய 200க்கும் மேற்பட்ட சுவடிகளில் அது எப்படி இருக்கிறது என்று பக்கம் பக்கமாகக் காட்டினார். வாதமே இல்லை, படம்தான். பார்த்தவர்களுக்கு வேறு ஆதாரம் தேவைப்படவில்லை.

1901இல் பிரெஞ்சு அரசின் சட்டத்தால் அவர்கள் இங்கிலாந்தின் வைட் தீவுக்குப் போக நேர்ந்தது. ஆனால் 1903இல் போப் 10ஆம் பயஸ் பழைய பாட்டுக்கு ஆதரவாக ஆணை இட்டார். 1908இல் வத்திக்கான் பதிப்பு வந்தது. சொலேம் ஜெயித்தது.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதையாக இருந்திருக்கும். மொக்ரோ லயத்துக்கும் ஒரு கொள்கை வைத்திருந்தார். சுரங்களை இரண்டிரண்டாக, மும்மூன்றாகப் பிரித்துப் பாட வேண்டும் என்று சின்னக் குறிகளைத் தன் பதிப்புகளில் சேர்த்தார். உலகம் முழுக்கக் கத்தோலிக்கக் கோயில்களில் அப்படித்தான் பாடினார்கள். அதே மடத்தைச் சேர்ந்த யூஜீன் கார்தீன் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்தப் பழைய கீற்றுகளை மறுபடி உட்கார்ந்து பார்த்தார். சுவடி அப்படிச் சொல்லவில்லை. சுரம் சொல்லின் பின்னால் போகிறது, இரண்டு மூன்று என்ற கணக்கின் பின்னால் அல்ல என்று காட்டினார். தன் மடத்தின் புகழ்பெற்ற கொள்கையை அதே மடத்தில் இருந்துகொண்டே மறுப்பது லேசான காரியமா? 1979இல் வந்த மும்முறைப் பதிப்பில் நடுவே சதுரச் சுரங்கள், மேலே கறுப்பில் பிரான்சின் லாவோன் நகரத்து நியூம்கள், கீழே சிவப்பில் சங்க்ட் காலன் நியூம்கள். பாடுபவரே பார்த்து முடிவு செய்துகொள்ளட்டும் என்ற ஏற்பாடு.

தாளத்தை எப்போது எழுத ஆரம்பித்தார்கள்?

12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருந்து, பாரிசின் நோத்ர் தாம் பேராலயத்தை ஒட்டி. ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று, நான்கு குரல்கள் வெவ்வேறாகப் பாடும்போது யார் எப்போது மாறுவது என்று தெரிய வேண்டுமே. அங்கே இப்படி இசையமைத்த லியோனன், பெரோத்தன் என்ற இரண்டு பெயர்கள் நமக்குத் தெரிவது கிட்டத்தட்ட ஒரே ஓர் ஆளால். அவர் 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிசில் படித்த, அநேகமாக இங்கிலாந்துக்காரரான, ஒரு மாணவர். அவர் எழுதிய குறிப்பை 1864இல் கூஸ்மாக்கர் பதிப்பித்தபோது பெயரில்லாத நூல்களுக்கு வரிசை எண் போட்டார். அன்று முதல் அந்த மனிதருக்குப் 'பெயரிலி நான்கு' என்றே பெயர்.

ஆனால் அதே காலத்து காதல் பாட்டுகளுக்கு, தென் பிரான்சின் துரூபதூர்கள் என்ற கவிஞர்-பாடகர்களின் பாட்டுகளுக்கு, தாளம் எழுதப்படவில்லை. சுமார் 2500 பாட்டுகளின் வரிகள் இருக்கின்றன. மெட்டோடு இருப்பவை அதில் பத்தில் ஒரு பங்கு. அவற்றையும் நோத்ர் தாம் தாள முறையில் படிக்கலாம் என்ற யோசனை 1900களில் கிளம்பியது. அதை முதலில் கண்டது யார் என்று பியேர் ஓப்ரிக்கும் ழான் பெக்குக்கும் பெரிய சண்டை. 1910இல் ஓப்ரி வாள்பயிற்சியில் பட்ட காயத்தால் இறந்துபோனார். பெக்குடன் மோதத்தான் பயிற்சி எடுத்தார் என்று கதை கட்டிவிட்டார்கள். இதில் கசப்பான வேடிக்கை என்னவென்றால், இருவரும் அடித்துக்கொண்ட அந்தக் கொள்கையை இன்றைக்குப் பெரும்பாலான ஆய்வாளர்கள் அந்தப் பாட்டுகளுக்கு ஏற்பதில்லை.

இந்தக் குறிமுறையைக் கற்பது கடினமா?

நியூமை விடுங்கள். 13ஆம் நூற்றாண்டுக்குப் பிந்தைய அளவுக் குறிமுறையைச் சொல்கிறேன். ஒரு குறியின் மதிப்பு அதன் உருவத்தில் இல்லை, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. ஒரே நெடுங்குறி ஓர் இடத்தில் மூன்று எண்ணிக்கை; அடுத்து ஒற்றைக் குறுங்குறி வந்துவிட்டால் இரண்டாகக் குறையும். நான் முதன்முதலில் எட்டு வரி எழுதிப் பார்த்தபோது ஒரு குரல் மற்றதைவிட இரண்டு எண்ணிக்கை முன்னால் போய் முடிந்துவிட்டது. மூன்று நாள் தேடி, தவறு முதல் வரியிலேயே இருந்ததைக் கண்டுபிடித்தேன்.

இதன் மேல் நிறமும் உண்டு. சிவப்பு மையில் எழுதினால் மூன்று இரண்டாகும். பிரான்சின் ஷாந்தியி கோட்டையில் உள்ள சுவடியில் போத் கோர்தியே என்பவரின் காதல் பாட்டு ஒன்று இதய வடிவில் எழுதப்பட்டிருக்கிறது. நடுநடுவே சிவப்புச் சுரங்கள். அவர் பெயரிலேயே 'இதயம்' என்ற லத்தீன் சொல்லின் சாயல் இருக்கிறது. அலங்காரம் என்று நினைத்துச் சிவப்பைத் தள்ளிவிட்டால் கணக்கு உதைக்கும்.

ஒரு குறிப்பிட்ட சுர இடைவெளியைத் திருச்சபை 'பிசாசு' என்று தடை செய்ததாமே? பாலஸ்த்ரீனா இசையைக் காப்பாற்றினாராமே?

இரண்டும் விடாமல் சுற்றும் கதைகள். முதலாவதில், அந்த இடைவெளியைப் பாடகர்கள் தவிர்த்தது உண்மை. சுவடியில் எழுதாமலேயே அரைச்சுரம் கூட்டியோ குறைத்தோ சரிக்கட்டிப் பாடுவார்கள். இன்றைய பதிப்பாளர்கள் அந்த மாற்றங்களைச் சுரத்துக்கு மேலே சின்னதாகப் போட்டுவிட்டு ஒருவரோடு ஒருவர் சண்டை போடுகிறார்கள். ஆனால் திருச்சபைத் தடை என்று ஒன்று கிடையாது. 'இசையில் பிசாசு' என்ற தொடர் கிடைப்பது 18ஆம் நூற்றாண்டு நூல்களில்.

இரண்டாவது கதையில், 16ஆம் நூற்றாண்டில் திருச்சபை டிரென்ட் நகரில் கூட்டிய பொதுச்சங்கம் பல்குரல் இசையை ஒழிக்கப் பார்த்தது, ரோமின் இசையமைப்பாளர் பாலஸ்த்ரீனா போப் மார்செல்லுஸ் பெயரில் ஒரு திருப்பலி இசை எழுதி மனதை மாற்றினார் என்பார்கள். மார்செல்லுஸ் 1555இல் மூன்று வாரம் போப்பாக இருந்து இறந்தவர். 1565 ஏப்ரலில் கர்தினால் விதெல்லோட்சியின் வீட்டில் சில இசைகளைப் பாடச்சொல்லி, வார்த்தை புரிகிறதா என்று சோதித்தார்கள்; அது பதிவில் இருக்கிறது. அன்று பாடியது இந்த இசைதான் என்பதற்குச் சான்று இல்லை. மீட்பர் கதை 1607இல் அச்சில் தலைகாட்டி, 19ஆம் நூற்றாண்டில் பெருத்தது.

புதிதாக இன்னும் ஏதாவது கிடைக்கிறதா?

கிடைக்கிறது, பெரும்பாலும் குப்பையில் இருந்து. தோல் விலை உயர்ந்தது. பாட்டு பழசாகிவிட்டால் ஏட்டைக் கிழித்து வேறு புத்தகத்துக்கு அட்டை ஒட்டுவார்கள். இல்லை, சுரண்டிவிட்டு மேலே எழுதுவார்கள். புளோரன்சில் சான் லோரென்சோ கோயிலின் சொத்துப் பதிவேடு ஒன்று அப்படிப்பட்டது. நிலம், வாடகைக் கணக்குக்கு அடியில் 14ஆம் நூற்றாண்டு இத்தாலிய, பிரெஞ்சுப் பாட்டுகள். பல அலைநீளங்களில் ஒளி பாய்ச்சிப் படம் எடுத்து, மங்கிப்போன மையைத் திரும்ப வரவழைத்து, 2016இல் யாங்கே, நாதாஸ் என்ற ஆய்வாளர்கள் அதை வெளியிட்டார்கள்.

லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இன்னொன்று. ஹார்லி 3019 என்ற சுவடியின் கடைசிப் பக்க அடியில், புனித போனிபாஸ் பற்றிய சின்ன வரி ஒன்றுக்கு மேலே சில குறிகள். எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள். அங்கே பயிற்சிக்கு வந்திருந்த ஜோவான்னி வரெல்லி என்ற கேம்பிரிட்ஜ் மாணவருக்குத்தான் அது இரண்டு குரலுக்கான குறிப்பு என்று உறைத்தது. கி.பி. 900ஐ ஒட்டியது, பாடுவதற்காக எழுதிய பல்குரல் இசையில் இதுவரை கிடைத்ததில் மிகப் பழையது என்று 2014இல் அறிவித்தார்கள்.

ஒரு பாட்டு இன்னாருடையது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

இதற்கு ஜோஸ்கன் தே ப்ரேயைவிட நல்ல உதாரணம் இல்லை. 1521இல் இறந்த இசையமைப்பாளர். சுரங்கள் மற்ற இசையமைப்பாளர்களை ஆட்டிவைக்கும், ஜோஸ்கனோ சுரங்களை ஆட்டிவைப்பவர் என்று மார்ட்டின் லூதர் வியந்தாராம். வெனிசில் இசை அச்சைத் தொடங்கிவைத்த பெத்ருச்சி 1502இல் ஒரே ஆளின் திருப்பலி இசைகளுக்கென்று தனிப் புத்தகம் போட்டபோது, அந்த ஆள் ஜோஸ்கன். பெயர் விற்றது. விற்ற பெயரை எல்லோரும் ஒட்ட ஆரம்பித்தார்கள். 1540இல் ஜெர்மன் பதிப்பாளர் கேயோர்க் பார்ஸ்டர், ஜோஸ்கன் உயிரோடு இருந்தபோது எழுதியதைவிட இறந்தபின் அதிகம் எழுதுகிறார் என்று ஒரு பெரியவர் சொன்னதாகக் குறிப்பிட்டிருக்கிறார்.

நம் கைக்கு வந்தபோது 300க்கும் மேற்பட்ட படைப்புகளில் அவர் பெயர் இருந்தது. எப்படிச் சலிப்பது? முதலில் சுவடி. அவர் வேலை பார்த்த ஊரில், அவர் காலத்தில், விவரம் தெரிந்த எழுத்தர் எழுதியதா? இல்லை, இறந்து முப்பது ஆண்டு கழித்து வேறு நாட்டில் எழுதியதா? அடுத்து நடை. பொருந்தாத இரு சுரங்கள் மோதும் இடத்தை அவர் எப்படி விடுவிக்கிறார், குரல்கள் ஒன்றை ஒன்று எத்தனை எண்ணிக்கை தள்ளிப் பின்தொடர்கின்றன என்று பார்ப்பார்கள். நடையை மட்டும் நம்பினால் வட்டமடிக்கும் ஆபத்து: நல்ல பாட்டு, ஆகவே ஜோஸ்கன், ஜோஸ்கன், ஆகவே நல்ல பாட்டு. தாவீது அரசர் மகன் அப்சலோமுக்காகப் புலம்பும் மோட்டெட்டை (லத்தீன் வரிகளுக்கான பல்குரல் பாட்டை) அவருடைய சிகரம் என்று பல தலைமுறை கொண்டாடியது. இன்று அதை அவர் காலத்து இன்னொரு இசையமைப்பாளர் பியேர் தெ லா ரூவின் கணக்கில் எழுதுபவர்களே அதிகம். பாட்டு ஒரு சுரம்கூட மாறவில்லை. 2021இல் ஜெசி ரோடினும் ஜோஷுவா ரிப்கினும் வைத்த கறாரான பட்டியலில் மிஞ்சியவை 103.

பாட்டு மட்டுமல்ல, ஆளே கலந்துபோயிருந்தார். 1459இல் மிலான் பேராலயத்தில் பாடிய ஒருவரை ஜோஸ்கன் என்று நம்பி, பிறந்த ஆண்டை 1440 என்று வைத்திருந்தார்கள். லோரா மாத்யூசும் பால் மெர்க்லியும் ஆவணங்களைத் துருவி, அது கெஸ்ஸாலியா ஊர் ஜோஸ்கன், 1498இல் இறந்துபோன வேறு ஆள் என்று காட்டினார்கள். ஜோஸ்கனுக்கு ஒரே நாளில் வயது பத்துக்கு மேல் குறைந்தது. இளமையில் எழுதியவை, முதுமையில் எழுதியவை என்று கட்டிவைத்த வரிசை எல்லாம் சரிந்தது. அவருடைய குடும்பப் பெயர் லெப்லுவாத் என்பதும் அந்தச் சமயத்தில்தான் தெரியவந்தது.

அவர் கையெழுத்து எங்கே இருக்கிறது தெரியுமா? சிஸ்டைன் சிற்றாலயத்தில், பாடகர் மேடையின் சுவரில். 1990களின் கடைசியில் சுத்தம் செய்தபோது, பாடகர்கள் சலிப்பில் கீறிவைத்த பெயர்களுக்கு நடுவே இருந்தது. நம் கோயில் தூண்களில் பெயர் கீறுபவர்களைத் திட்டுவோம். ஐநூறு ஆண்டு கழித்து அதை யாராவது கண்ணில் ஒற்றிக்கொள்ளக்கூடும்.

ஜோஸ்கனின் குணத்தைப் பற்றி ஒரே ஒரு நல்ல சாட்சி. 1502ஐ ஒட்டி, இசையமைப்பாளர் ஒருவரைத் தேடிய பெராரா நகரக் கோமகனுக்கு அந்தக் கோமகனின் ஆள் ஒருவர் எழுதிய கடிதம்: ஈசாக் என்ற இன்னொரு இசையமைப்பாளர் நல்லவர், கேட்டால் எழுதுவார், 120 டுகாட் பொற்காசு போதும், ஜோஸ்கன் திறமைசாலி, ஆனால் தனக்குத் தோன்றும்போதுதான் எழுதுவார், 200 கேட்கிறார். கோமகன் 200 கொடுத்தார்.

ஒரு குரல் மட்டும் தொலைந்துபோனால்?

அடிக்கடி நடப்பது. 16ஆம் நூற்றாண்டில் ஒவ்வொரு குரலுக்கும் தனிப் புத்தகம் வைத்தார்கள். கேம்பிரிட்ஜ் பீட்டர்ஹவுஸ் கல்லூரியில் 1540ஐ ஒட்டிய ஐந்து புத்தகத் தொகுதி இருக்கிறது. அதில் 'டெனர்' என்ற ஆண் குரலுக்கான புத்தகம் இல்லை, உச்சக் குரல் புத்தகத்திலும் சில ஏடுகள் இல்லை. வேறெங்கும் கிடைக்காத இசை அதில் நிறைய. நிக் சாண்டன் பல பத்தாண்டுகள் உட்கார்ந்து அந்த இல்லாத குரலை எழுதினார். மற்ற நான்கு குரலும் விட்டுவைத்த இடைவெளிதான் அவருக்கு வழிகாட்டி. பாஸ்டனின் புளூ ஹெரன் குழு அதை ஐந்து இசைத்தட்டுகளில் பாடியிருக்கிறது. எந்தக் குரல் 16ஆம் நூற்றாண்டுடையது, எது சாண்டனுடையது என்று கேட்டுக் கண்டுபிடிக்க எனக்கு முடியவில்லை. அவருக்கு அதைவிடப் பாராட்டு என்ன வேண்டும்!

பெண்கள் யாரும் இசையமைக்கவில்லையா?

ரைன் நதிக்கரை மடத்தலைவி ஹில்டகார்ட் (1098–1179) பெயரில் 70க்கும் மேற்பட்ட பாட்டுகள் உள்ளன. அந்தக் காலத்தில் இத்தனை பாட்டு ஒரே பெயரில் கிடைப்பதே அபூர்வம். அவற்றைத் தாங்கிய பூதச் சுவடி சுமார் 15 கிலோ எடை. வீஸ்பாடன் நூலகம் அதைப் போர்க்காலத்தில் பாதுகாப்புக்காக ட்ரெஸ்டன் வங்கிப் பெட்டகத்துக்கு அனுப்பியது. 1945 குண்டுவீச்சில் ஊர் எரிந்தது, பெட்டகம் தப்பியது. ஆனால் கூடவே போன இன்னொரு ஓவியச் சுவடி காணாமல் போனது, இன்றுவரை கிடைக்கவில்லை. பூதச் சுவடி சோவியத் பகுதியில் மாட்டிக்கொண்டது. 1948இல் மார்கரெத்தே கூன் என்ற ஆய்வாளர் 'படிக்க வேண்டும்' என்று அதைப் பெர்லினுக்கு வரவழைத்தார். அமெரிக்க அதிகாரி ஒருவரின் மனைவி கரோலின் வால்ஷ் அதை மேற்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். ட்ரெஸ்டனுக்குத் திரும்பிப் போனது வேறொரு சுவடி. நூலகத் திருட்டுக்கு நான் ஆதரவாளன் இல்லை. இதற்கு மட்டும் விதிவிலக்கு.

கணினி இந்த வேலையை எடுத்துக்கொண்டுவிடுமா?

தேடும் வேலையை எடுத்துக்கொண்டுவிட்டது. 1980களில் ரூத் ஸ்டைனர் அமெரிக்காவில் தொடங்கிய காண்டஸ் தரவுத்தளத்தில் ஒரு லத்தீன் வரியை இட்டால் எந்தெந்தச் சுவடியில் எந்த ஏட்டில் இருக்கிறது என்று நொடியில் வரும். மொக்ரோ கேட்டால் அழுதிருப்பார். 1998இல் தொடங்கிய டயாம் என்ற ஆக்ஸ்போர்டு படக் களஞ்சியம் பல்குரல் சுவடிகளை இணையத்தில் வைத்திருக்கிறது. ஸ்டான்போர்டில் ஜோஸ்கனின் இசை முழுக்கத் தேடும் வடிவில் இருக்கிறது. சுவடியின் சுரங்களை இயந்திரமே படிக்கும் முயற்சியும் மாண்ட்ரியலில் நடக்கிறது. சதுரச் சுரங்களில் தேவலை. சங்க்ட் காலன் கீற்றுகளில் இன்னும் தடுமாற்றம்தான்.

இன்று தட்டுகளில் கேட்பது அன்று பாடிய மாதிரியேதானா?

இல்லை, அப்படிச் சொல்லி விற்பவரை நம்பாதீர்கள். 1960களில் தாமஸ் பிங்க்லியின் குழு துரூபதூர் பாட்டுக்கு 'ஊத்' என்ற அரபு நரம்புக் கருவி, மத்தளம், அரபு ஆந்தலூசிய மரபின் நீண்ட முன்னுரை எல்லாம் சேர்த்தது. டேவிட் மன்ரோ கொம்பும் குழலுமாக அமர்க்களப்படுத்தினார். அப்புறம் 1980களில் இங்கிலாந்தின் கிறிஸ்டோபர் பேஜ், 14ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு இசையமைப்பாளர் மஷோவின் பாட்டுகளில் எல்லா வரியையும் குரலே பாடியிருக்கலாம் என்று பழைய இலக்கியக் குறிப்புகளைக் கொண்டு வாதாடி, கருவிகளைக் கழற்றிவிட்டார். ஒரே சுவடி, இருபது ஆண்டுக்குள் இரண்டு வேறு உலகம். டேனியல் லீச்-வில்கின்சன் 2002இல் இதையே கேட்டார்: ஆதாரம் மாறியதால் ஒலி மாறியதா, இல்லை பாடகர்கள் அழகாகப் பாடிக் காட்டியதால் ஆதாரத்தை நம்பினோமா? அவர் இரண்டாவது பக்கம் சாய்கிறார். நானும்.

வீட்டில் இருந்தபடி ஆரம்பிக்க எங்கே போவது?

கொஞ்சம் லத்தீன் வேண்டும்; சங்கீதங்களின் லத்தீன் பெயர்ப்பைத் தமிழ் விவிலியத்தோடு வைத்துப் படித்தாலே ஆறு மாதத்தில் வழிக்கு வரும். பிறகு ஈ-கோடிசெஸ் என்ற சுவிஸ் தளத்துக்குப் போய் சங்க்ட் காலன் 359ஐத் திறந்துகொள்ளுங்கள், இலவசம்தான். முதல் வாரம் எதையும் பாட முயல வேண்டாம். 'அல்லேலூயா' என்ற சொல்லைத் தேடி, அதன் கடைசி 'யா'வுக்கு மேல் கீற்றுகள் எவ்வளவு தூரம் சொல்லே இல்லாமல் போகின்றன என்று மட்டும் பாருங்கள். நடுவில் எங்காவது ஒரு குட்டி 'டி' தென்படும். அந்த இடத்தில் பாடகர் இழுத்துப் பிடித்திருக்கிறார்.